நெஞ்சுக்குள் என்ன மிஷின்?

எங்கள் பெரியம்மாவுக்குக் காடாம்புலியூர். பண்ருட்டியிலிருந்து நெய்வேலி போகிற சாலையில், முந்திரித் தோப்புகளுக்கு நடுவே உள்ள ஊர். சிறு வயதிலிருந்தே முந்திரிக் கொட்டை உடைத்த கை அவருடையது. கொட்டை எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனிகள் கறுத்து, தோல் உரிந்து, ரேகைகூடத் தேய்ந்து போயிருக்கும். சிறுமியாக இருந்தபோது வந்த மூட்டுக் காய்ச்சல் இதய வால்வைக் கெடுத்துவிட்டது. நாற்பது தாண்டிய பிறகுதான் அது தெரிய வந்து, புதுச்சேரியில் வால்வு மாற்றினார்கள். அன்றிலிருந்து அவர் வீட்டுச் சுவரில், காலண்டருக்குப் பக்கத்து ஆணியில், ஒரு மஞ்சப்பை தொங்குகிறது. எக்ஸ்ரே, எக்கோ ரிப்போர்ட், ஐ.என்.ஆர். எழுதிய நோட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு சின்ன அட்டை எல்லாம் அதற்குள் இருக்கும்.

சில வருஷங்களுக்கு முன்பு அவருக்கு இடுப்பு வலி வந்து, இடது கால் மரத்துப்போக ஆரம்பித்தது. எலும்பு டாக்டர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். பக்கத்து டவுனில் ஒரு ஸ்கேன் சென்டருக்குக் கூட்டிப் போனோம். உள்ளே விடும் முன் ஒரு பையன் வரிசையாகக் கேள்வி கேட்டான். நகை இருக்கிறதா, பிளேட் வைத்திருக்கிறதா, நெஞ்சில் ஏதாவது வைத்திருக்கிறதா. பெரியம்மா, “நெஞ்சுல மிஷினு வெச்சிருக்காங்க தம்பி” என்றார். அவர் வால்வைத்தான் அப்படிச் சொல்வார். பையன் முகம் மாறிவிட்டது. “மிஷின் இருந்தா எடுக்கவே கூடாதும்மா” என்று பணத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிட்டான். மஞ்சப்பை என் கையில்தான் இருந்தது. அட்டையை எடுத்துக் காட்ட எனக்கும் தோன்றவில்லை, கேட்க அவனுக்கும் தோன்றவில்லை.

அந்தப் பையனைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவன் உயிருக்குப் பயந்து செய்தான். ஆனால் அன்றைக்கு நிராகரிக்கப்பட்டவருக்கு எம்.ஆர்.ஐ. எடுப்பதில் ஆபத்து எதுவும் இல்லை. அதே வாசலில் நிஜமாகவே நெஞ்சுக்குள் மிஷின் வைத்த ஒருவர் வந்து, “ஹார்ட் ஆபரேஷன் ஆச்சு, வேற ஒண்ணும் இல்ல” என்று சொல்லியிருந்தால் உள்ளே விட்டிருப்பார்களோ என்று நினைக்கும்போதுதான் வயிறு கலங்குகிறது. செயற்கை இதயம் உள்ளவரை எப்படிப் படம் எடுப்பது என்கிற கேள்வியை நான் தேடிப் படிக்க ஆரம்பித்தது அன்றிலிருந்து. படித்ததில் எனக்கு உறுதிப்பட்டது ஒன்று உண்டு. எந்தக் கருவியில் எடுப்பது என்பதைவிட, நெஞ்சில் இருப்பது எது என்று பெயர் சொல்லித் தெரிந்துகொள்வதே இதில் பெரிய வேலை.

நம் பேச்சில் ‘ஹார்ட்டுல வெச்சிருக்காங்க’ என்ற ஒரே சொல்லுக்குள் ஐந்து வெவ்வேறு சாமான்கள் இருக்கின்றன. ரத்தக்குழாய்க்குள் வைக்கும் ஸ்டென்ட் ஒரு கம்பிவலை. வால்வு என்பது கதவு. பேஸ்மேக்கர் மின்சாரம் கொடுத்து இதயத்தைத் துடிக்கவைக்கும் சின்னப் பெட்டி. நான்காவது, பலவீனமான இதயத்தை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, இடது கீழறையின் நுனியில் பொருத்தும் ரத்தப் பம்ப். டாக்டர்கள் இதை ‘எல்வாட்’ என்கிறார்கள். பத்திரிகைகள் ‘செயற்கை இதயம்’ என்று எழுதுவது பெரும்பாலும் இதைத்தான். ஐந்தாவதுதான் முழுச் செயற்கை இதயம். சொந்த இதயத்தின் இரண்டு கீழறைகளையும் வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் உட்காரவைப்பது.

இந்த ஐந்தாவதுக்குத்தான் உலகம் முதலில் ஆசைப்பட்டது. 1957ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் வில்லெம் கோல்ஃபும் டெட்சுஸோ அகுட்சுவும் ஒரு நாயின் நெஞ்சில் செயற்கை இதயம் வைத்தார்கள். அது ஒன்றரை மணி நேரம் ஓடியது. 1969 ஏப்ரலில் ஹூஸ்டனில் டென்டன் கூலி ஒரு மனிதருக்கு வைத்த இதயம், மாற்று இதயம் கிடைக்கும்வரை 64 மணி நேரம் தாங்கியது. 1982 டிசம்பர் 2 அன்று யூட்டாவில் பார்னி கிளார்க் என்ற பல் டாக்டருக்கு வைத்த ஜார்விக்-7 அவரை 112 நாள் உயிரோடு வைத்திருந்தது. அதன் வழிவந்த சின்கார்டியா இதயத்துக்கு 2004ல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. காற்றழுத்தத்தால் இயங்கும் இதயம் அது. வயிற்றைத் துளைத்து வரும் இரண்டு குழாய்கள் வெளியே உள்ள காற்றுப் பெட்டியோடு சேரும்.

நம் ஊர்ப் பக்கத்துக் கதை வேறு மாதிரி. மூட்டுக் காய்ச்சலால் வால்வு கெட்ட ஏழைகள் இந்தியா முழுக்க இருந்தார்கள். வெளிநாட்டு வால்வு வாங்க அவர்களிடம் பணமில்லை. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தில் எம்.எஸ். வலியத்தானின் குழு எழுபதுகளின் கடைசியில் சொந்தமாக வால்வு செய்ய இறங்கியது. மூன்று மாதிரிகள் தோற்றன. நான்காவது மாதிரி செம்மறி ஆடுகளில் தேறி, 1990 டிசம்பர் 6 அன்று முதன்முதலில் ஒரு மனிதருக்குப் பொருத்தப்பட்டது. பிறகு டி.டி.கே. நிறுவனம் அதைத் தயாரித்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் நெஞ்சில் அது உட்கார்ந்துவிட்டது. பெரியம்மாவின் மஞ்சப்பை அட்டையில் இருக்கும் பெயரும் அதுதான், சித்ரா வால்வு. வலியத்தான் 2024 ஜூலையில் காலமானார். அவர் பெயரைக் கேள்விப்படாத எத்தனையோ வீடுகளில் அவர் செய்த கதவு இன்றும் திறந்து மூடிக்கொண்டிருக்கிறது.

பம்ப் வந்தது சென்னைக்கு. அடையாறில் ஃபோர்ட்டிஸ் மலரிலும் பிறகு அமைந்தகரை எம்.ஜி.எம். ஹெல்த்கேரிலும் கே.ஆர். பாலகிருஷ்ணனின் குழு இதற்குப் பெயர் பெற்றது. தமிழ்நாட்டில் 2008 முதல் மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்பு தானம் ஒழுங்குக்கு வந்து, இதய மாற்று பெருகியது. இதயம் கிடைக்கும்வரை தாங்கவும், மாற்று இதயத்துக்குத் தகுதியில்லாதவரை வாழவைக்கவும் பம்ப் பயன்பட்டது. விலை பல பத்து லட்சம். அதனால் எண்ணிக்கை குறைவு. குறைவு என்பதுதான் பிரச்சினையே. கடலூர் மாவட்டத்தில் ஒரு ஸ்கேன் சென்டர் டெக்னீஷியன் தன் பணிக்காலம் முழுவதிலும் இப்படி ஒருவரைப் பார்க்காமலே இருந்துவிடலாம். அல்லது ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் பார்க்க நேரலாம்.

முதலில் எம்.ஆர்.ஐ. விஷயத்தைப் பேசிவிடலாம். பயம் முழுக்க அங்கேதான். வழக்கமான எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தம் 1.5 டெஸ்லா. நம் பக்கத்தில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோ டெஸ்லா. அதாவது திசைகாட்டி முள்ளைத் திருப்புகிற சக்தியைப்போல ஏறத்தாழ 37,000 மடங்கு. படம் எடுக்காதபோதும் இந்தக் காந்தம் உயிரோடுதான் இருக்கும். 2018 ஜனவரியில் மும்பை மருத்துவமனை ஒன்றில், நோயாளியோடு வந்த உறவினர் ஆக்சிஜன் சிலிண்டரோடு அறைக்குள் போய், சிலிண்டரோடு சேர்த்து இழுக்கப்பட்டு இறந்தே போனார். அதனால் வாசலில் நின்று கேட்பவன் பயப்படுவதில் தப்பே இல்லை.

ஆனால் காந்தம் எல்லா உலோகத்தையும் இழுக்காது. சித்ரா வால்வின் சட்டம் கோபால்ட் கலப்பு உலோகம், உள்ளே ஆடும் தட்டு ஒருவகை பிளாஸ்டிக், சுற்றித் தையல் போடும் வளையம் பாலியஸ்டர் துணி. இதில் காந்தம் பற்றி இழுக்க எதுவும் இல்லை. மற்ற உலோக வால்வுகளிலும், ஒவ்வொரு துடிப்பிலும் இதயமே வால்வின்மேல் போடும் விசை, காந்தம் போடும் விசையைவிடப் பெரிது. நெஞ்செலும்பைக் கட்டிய எஃகுக் கம்பிகளும் அப்படித்தான். ஸ்டென்ட் வைத்தவர்கள் ஆறு வாரம், எட்டு வாரம் காத்திருக்க வேண்டும் என்று ஒரு வழக்கம் இருந்தது. அது தேவையில்லை, 3 டெஸ்லா வரை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2007லேயே சொல்லிவிட்டது. பேஸ்மேக்கர் கதையும் மாறிவிட்டது. காந்த அறைக்கென்றே வடிவமைத்தவை 2011க்குப் பிறகு பரவின. பழைய வகை வைத்தவர்களிடமும், நெஞ்சைத் தவிர்த்து மற்ற பாகங்களை 1.5 டெஸ்லாவில் 1,500 முறை எடுத்துப் பார்த்த மாக்னாசேஃப் ஆய்வு 2017ல் வெளிவந்தது. உரிய ஏற்பாட்டோடு எடுத்ததில் படம் எடுக்கும்போது ஒருவரும் சாகவில்லை.

பம்ப் விஷயத்தில் மட்டும் பேச்சுக்கே இடமில்லை. இன்று உலகெங்கும் வைக்கப்படும் ஹார்ட்மேட் 3 பம்பின் சுழலி எதையும் தொடாமல் காந்தத்தின் மேல் மிதந்தபடி நிமிஷத்துக்கு ஐந்தாறாயிரம் சுற்று சுற்றுகிறது. அது எங்கே இருக்கிறது என்று நொடிக்கு நொடி உணர்ந்து, நகர்ந்தால் காந்தத்தாலேயே இழுத்துச் சரிசெய்வதுதான் அதன் வித்தை. அதன் பக்கத்தில் மிகப் பெரிய இன்னொரு காந்தத்தைக் கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும்? சுழலி நிலை தவறலாம், மோட்டார் நிற்கலாம். வயிற்றிலிருந்து வெளியே வரும் கேபிள் ரேடியோ அலையை வாங்கிச் சுட்டுவிடலாம். இடுப்பில் கட்டிய கன்ட்ரோலரும் பேட்டரிகளும் இழுக்கப்படும். ஹார்ட்மேட் 2, எச்.வேட் என்ற பழைய பம்புகளுக்கும் இதே தடைதான், சின்கார்டியாவுக்கும் எம்.ஆர்.ஐ. கிடையாது. கால் விரலை எடுக்கவும்கூட அந்த அறைக்குள் போகக் கூடாது.

இதில் யாரும் எளிதில் நினைக்காத ஒரு இடுக்கு உண்டு. பம்ப் வைத்திருந்து பிறகு மாற்று இதயம் பெற்றவர். அவரிடம் கேட்டால் “பம்பை எடுத்தாச்சு” என்பார், அது உண்மையும்தான். ஆனால் கேபிளின் ஒரு துண்டோ, பழைய கருவியின் ஒயரோ உள்ளேயே விடப்பட்டிருக்கலாம். அதனால் இவர்களுக்கு எம்.ஆர்.ஐ. யோசிக்கும் முன்பு ஒரு சாதாரண நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

அந்தச் சாதாரண எக்ஸ்ரேயை நான் மிகவும் மதிக்கிறேன். நோயாளி மயக்கத்தில் இருக்கிறார், கூட வந்தவருக்கு எதுவும் தெரியவில்லை, அட்டை வீட்டில் இருக்கிறது என்ற நிலையில் ஒரு நெஞ்சுப் படம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். உலோக வால்வு என்றால் இதய நிழலுக்குள் ஒரு வளையம், நடுவே நெஞ்செலும்புக் கம்பிகள் முடிச்சு முடிச்சாக. பேஸ்மேக்கர் என்றால் காறை எலும்புக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டியும் அதிலிருந்து இறங்கும் ஒயர்களும். ஹார்ட்மேட் 3, எச்.வேட் என்றால் இதயத்தின் நுனியில் கனத்த உலோக உருளை, அதிலிருந்து வயிற்றை நோக்கி வளையும் கேபிள். ஹார்ட்மேட் 2 அதைவிடக் கீழே, உதரவிதானத்துக்கு அடியில் உட்கார்ந்திருக்கும். ரத்தத்தை இழுக்கும் குழல் மேல்கீழ் அறைகளுக்கு இடையே உள்ள வால்வைப் பார்த்திருக்க வேண்டும். போன தடவை எடுத்த படத்தில் இருந்ததைவிடக் கோணம் மாறியிருந்தால் பம்ப் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதனால்தான் பழைய படங்களை யாரும் தூக்கிப் போடக் கூடாது. மஞ்சப்பைக்கு இருக்கிற மருத்துவ மதிப்பு அது. ஹார்ட்மேட் 2 காலத்தில் கேபிளுக்குள் ஒயர் அறுந்திருப்பதையும் எக்ஸ்ரேயிலேயே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

முழுச் செயற்கை இதயத்தின் எக்ஸ்ரே வேறெந்தப் படத்தையும்போல இருக்காது. இதயம் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு வால்வு வளையங்கள் தனித்தனியாக மிதப்பதுபோலத் தெரியும். சுற்றிலும், வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில், இயக்கும் காற்று கறுப்பாகத் தெரியும். சிதம்பரத்தை அண்டத்தின் இருதயம் என்று சொல்லும் மரபு நம் மாவட்டத்துக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அங்கே கோயிலில் திரையை விலக்கினால் தெரிவது வெளிதான். இந்தப் படத்தை முதன்முதலில் பார்த்தபோது எனக்குச் சட்டென்று அந்தத் திரைதான் நினைவுக்கு வந்தது.

எக்ஸ்ரேக்கும் ஒரு குறை உண்டு. அதை நம் சித்ரா வால்வே காட்டிக்கொடுக்கும். வால்வில் ரத்தம் உறைந்து தட்டு அசையாமல் நின்றுவிட்டதா என்று பார்க்க, மற்ற உலோக வால்வுகளுக்கு ஓடும் எக்ஸ்ரேயில் தட்டு ஆடுவதைப் பார்ப்பார்கள். சித்ராவின் தட்டு பிளாஸ்டிக், எக்ஸ்ரேயில் தெரியவே தெரியாது. மலிவாகவும் சத்தம் குறைவாகவும் தேயாமலும் இருக்கத் தேர்ந்தெடுத்த அதே பொருள்தான் படத்தில் மறைந்துகொள்கிறது. ஆகவே சித்ரா வைத்தவருக்குச் சந்தேகம் வந்தால் எக்கோவை நம்ப வேண்டும். வைத்தது எந்த வால்வு என்று தெரியாமல் எந்தப் படம் எடுப்பது என்றே முடிவு செய்ய முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

எக்கோவுக்கு வருவோம். அதற்கு முன்னால் நாடி. மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் பார்த்த நாடு இது. இன்றைக்கும் ஒருவர் மயங்கி விழுந்தால் முதலில் கை மணிக்கட்டுக்குத்தான் போகும். பம்ப் வைத்தவருக்கு அங்கே பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. பம்ப் ரத்தத்தை விட்டுவிட்டுத் தள்ளுவதில்லை, வாய்க்கால் தண்ணீர்போல ஒரே சீராகத் தள்ளுகிறது. ஆள் எழுந்து உட்கார்ந்து காபி குடிப்பார், நாடி இருக்காது. ஹார்ட்மேட் 3 இரண்டு நொடிக்கு ஒருமுறை வேகத்தைக் கூட்டிக் குறைத்துச் செயற்கையாக ஒரு துடிப்பை உண்டாக்குகிறது. அதுவும் எல்லோர் விரலுக்கும் எட்டுவதில்லை. விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி பல நேரம் எண் காட்டாது, பி.பி. மெஷினும் தடுமாறும். கையில் பட்டையைக் கட்டி, முழங்கை மடிப்பில் டாப்ளர் கருவி வைத்து, காற்றை இறக்க இறக்க ‘ஷ்ஷ்’ என்ற ரத்த ஓசை எந்த எண்ணில் திரும்பி வருகிறதோ அதைத்தான் ரத்த அழுத்தமாக எடுத்துக்கொள்வார்கள். அதுவும் ஒலியால் எடுக்கும் ஒரு படம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

எக்கோவில் பம்ப் நோயாளியைப் பார்ப்பது ஒரு தனிக் கலை. இரண்டு கீழறைகளுக்கும் நடுவே உள்ள சுவர் நடுவில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பம்ப் அதிகமாக இழுத்தால் சுவர் இடப்பக்கம் சாயும், குறைவாக இழுத்தால் வலப்பக்கம் பிதுங்கும். பெருந்தமனி வால்வு அவ்வப்போதாவது திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். திறக்காமலே கிடந்தால் அது ஒட்டிப்போய்க் கசியத் தொடங்கும். நோயாளியைப் படுக்கவைத்து, பம்பின் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் எக்கோ பார்த்து, அவருக்கு ஏற்ற வேகத்தை முடிவு செய்வார்கள். ஒரு பாட்டுக்குச் சுருதி கூட்டுவதுபோன்ற வேலை அது. எச்.வேட் பம்பில் ஒரு தொல்லை இருந்தது. பம்ப் படத்துக்குள் வந்தாலே திரையில் அருவி கொட்டுவதுபோலக் கோடுகள் இறங்கி எல்லாவற்றையும் மறைத்துவிடும். அந்தப் பம்பின் விற்பனையை 2021 ஜூனில் மெட்ரானிக் நிறுத்திவிட்டது. மூளைப் பாதிப்புகளும் மரணங்களும் கூடுதல் என்பதும், நின்றால் சில நேரம் மறுபடி ஓடாமல் போவதும் காரணங்கள். முன்பே வைத்துக்கொண்டவர்கள் மட்டும் அதோடு வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள்.

முழுச் செயற்கை இதயத்தில் எக்கோ தோற்றுவிடும். உள்ளே காற்று. ஒலி அலை காற்றைத் தாண்டாது. உணவுக்குழாய் வழியே கருவியை இறக்கி, மிச்சமிருக்கும் மேலறைகளையும் பெரிய சிரைகளையும் மட்டும் பார்க்கலாம். ஈ.சி.ஜி.யிலும் கீழறையின் கோடுகள் இருக்காது. நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கும் முறையும் இவர்களுக்குப் பயன்படாது. பம்ப் வைத்தவர்கள் வேறு. அவர்களுக்குத் தேவைப்பட்டால் நெஞ்சை அழுத்தலாம் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2017ல் சொன்னது. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது.

சி.டி.தான் இவர்கள் எல்லோருக்கும் பொதுவான துணை. காந்தம் இல்லை, எந்தக் கருவிக்கும் தடை இல்லை. உலோக வால்வு, பம்ப், முழுச் செயற்கை இதயம் வைத்தவர்கள் எல்லோரும் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் சாப்பிடுபவர்கள். ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். எண் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே நிற்க வேண்டும், சில வால்வுகளுக்கு இன்னும் சற்று மேலே. கீழே இறங்கினால் ரத்தக்கட்டி, மேலே ஏறினால் ரத்தக்கசிவு. இரண்டுமே கடைசியில் மூளையில் போய் முடியலாம். வாய் கோணி, கை தொங்கி ஒருவர் வந்தால், கட்டியா கசிவா என்று முதலில் தெரிய வேண்டும். பம்போ முழுச் செயற்கை இதயமோ வைத்தவருக்கு எம்.ஆர்.ஐ. கிடையாது என்பதால் மூளை சி.டி., அதைத் தொடர்ந்து கழுத்து முதல் உச்சிவரை ரத்தக்குழாய் சி.டி. என்று போக வேண்டும். கட்டியைக் கரைக்கும் ஊசி ஐ.என்.ஆர். 1.7க்கு மேல் இருந்தால் கூடாது. அதனால் பெரிய குழாய் அடைத்திருந்தால் குழாய் வழியே போய்க் கட்டியை எடுப்பதுதான் வழி. பம்ப் இருப்பது நெஞ்சில், படம் எடுப்பது தலையில். அதனால் உலோகம் படத்தைக் கெடுக்காது.

நெஞ்சைச் சி.டி.யில் எடுக்கும்போதுதான் தொல்லை. உலோகத்தைச் சுற்றிக் கதிர்கள் சிதறி, சூரியனைச் சுற்றிக் குழந்தைகள் வரைவதுபோலக் கோடுகள் பரவும். இதயத் துடிப்போடு ஒத்து எடுக்கும் வழக்கமான முறைக்கு ஈ.சி.ஜி. சைகை வேண்டும், பம்பின் மின்னிரைச்சலில் அது தெளிவாகக் கிடைக்காது. சாயம் செலுத்தினால் ரத்த ஓட்டத்தின் போக்கு மாறியிருப்பதால், எப்போது எடுக்க வேண்டும் என்று முதலில் சிறிதளவு சாயம் விட்டுப் பார்க்க வேண்டும். சிறுநீரகமும் பலருக்குச் சோர்ந்தே இருக்கும். இத்தனை இருந்தும் சி.டி.யை விட முடியாது. பம்பிலிருந்து பெருந்தமனிக்கு ரத்தம் கொண்டுபோகும் துணிக்குழாய் எக்ஸ்ரேயில் தெரியாது, சி.டி.யில்தான் தெரியும். ஹார்ட்மேட் 3ன் அந்தக் குழாய் சிலருக்கு முறுக்கிக்கொண்டு ரத்தம் போகும் வழி அடைபட்டதால் 2018ல் எச்சரிக்கையோடு திரும்பப் பெறும் நடவடிக்கை வந்தது. குழாய்க்கும் அதன்மேல் உள்ள உறைக்கும் நடுவே பொருள் சேர்ந்து வெளியிலிருந்து நெருக்குவதைப் பற்றி 2024ல் இன்னொரு எச்சரிக்கை வந்தது. இரண்டுமே சாயத்தோடு எடுத்த சி.டி.யில் தெரிவன. போட்டான்களை ஒவ்வொன்றாக எண்ணும் புதுவகை சி.டி.க்கு 2021ல் அமெரிக்க அனுமதி கிடைத்திருக்கிறது. உலோகக் கோடுகள் அதில் கணிசமாகக் குறைகின்றன.

டெக்னீஷியன்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். சி.டி. மேஜை உள்ளே நகரும்போது கேபிள் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை கண்ணால் பாருங்கள். கன்ட்ரோலரும் பேட்டரியும் நோயாளியோடு சேர்ந்தே நகர வேண்டும். கேபிள் இடுக்கில் சிக்கி இழுபட்டால் வயிற்றுத் துளையில் காயம், அங்கிருந்து தொற்று. இரண்டு பேட்டரியையும் ஒரே நேரத்தில் யாரும் கழற்றிவிடக் கூடாது. கூட வந்த மனைவிக்கோ மகனுக்கோ அந்தக் கருவியைப் பற்றி உங்களைவிட அதிகம் தெரியும். அவர்களைக் கடைசிவரை பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொற்று என்றதும் நம் வெயில் நினைவுக்கு வருகிறது. கத்திரி வெயிலில், வேர்வை ஊறும் வயிற்றில், ஆண்டு முழுக்க ஆறாத ஒரு துளையோடு வாழ்வது லேசானதில்லை. குளத்திலும் கிணற்றிலும் இறங்கிக் குளிக்க முடியாது. தொற்று துளையோடு நிற்கிறதா, கேபிளைப் பிடித்துப் பம்ப்வரை போய்விட்டதா என்று பார்க்கச் சர்க்கரை மருந்து ஏற்றி எடுக்கும் பெட் சி.டி. உதவுகிறது. உலோகத்தின் பக்கத்தில் இல்லாத ஒளி இருப்பதுபோல அது சில நேரம் காட்டிவிடும். திருத்தம் செய்யாத மூலப் படத்தையும் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

காடாம்புலியூரிலிருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஓட வேண்டுமென்றால் கடலூர் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. புதுச்சேரியில் ஜிப்மர் இருக்கிறது. தெற்கே சிதம்பரத்தில், ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக 1985ல் தொடங்கி இப்போது அரசிடம் வந்துவிட்ட மருத்துவமனை இருக்கிறது. எல்லா இடத்திலும் எக்ஸ்ரே, எக்கோ, சி.டி. உண்டு. செயற்கை இதயம் வைத்தவரின் உயிரைக் காக்கத் தேவையான முதல் மூன்று படங்களும் நம் மாவட்டத்துக்குள்ளேயே கிடைக்கும் என்பதை நான் அழுத்திச் சொல்கிறேன். அதற்காகச் சென்னைவரை ஓடி நேரத்தை இழக்க வேண்டியதில்லை. முதல் சி.டி.யை இங்கே எடுத்துவிட்டு, பம்ப் வைத்த மருத்துவமனையோடு போனில் பேசிக்கொண்டே அனுப்பலாம். இல்லாதது கருவி அல்ல. ‘இவருக்கு இது இருக்கிறது, இவரை இப்படி எடுக்கலாம்’ என்று தெரிந்த ஆள் அந்த நேரத்தில் அங்கே இருக்கிறாரா என்பதுதான் தெரியவில்லை.

மின்சாரக் கவலையும் உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. எங்கள் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. கிராமங்களில் கரண்ட் வர வாரக் கணக்கானது. பம்ப் பேட்டரி ஒரு ஜோடி பத்து மணி நேரத்துக்கு மேல் தாங்கும், பிறகு சார்ஜ் ஏற்றியாக வேண்டும். ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் புயல் எச்சரிக்கை வரும் கடற்கரை மாவட்டத்தில், பம்ப் வைத்தவர் யார், எந்த ஊர் என்று மாவட்ட சுகாதாரத் துறைக்கும் 108க்கும் மின் வாரியத்துக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஊருக்கு ஒருவர்கூட இல்லாத விஷயத்துக்கு இவ்வளவா என்று கேட்கலாம். அந்த ஒருவர் நம் வீட்டு ஆளாக இருந்தால் கேட்க மாட்டோம்.

புதிய இதயங்கள் வந்துகொண்டிருக்கின்றன. பிரான்சின் கார்மட் இதயம் 2013 டிசம்பரில் பாரிசில் முதன்முதலில் வைக்கப்பட்டது. ஆஸ்திரேலியரான டேனியல் டிம்ஸ் உருவாக்கிய பைவாகோர் 2024 ஜூலையில் ஹூஸ்டனில் ஒரு மனிதருக்குள் ஓடியது. காந்தத்தில் மிதக்கும் ஒரே ஒரு சுழலி இரண்டு பக்கத்துக்கும் ரத்தம் தள்ளும். சிட்னியில் அதை வைத்துக்கொண்ட ஒருவர் மருத்துவமனையை விட்டு வீட்டுக்கே போய், நூறு நாளுக்கு மேல் அதோடு வாழ்ந்து, பிறகு மாற்று இதயம் பெற்றார். கான்பூர் ஐ.ஐ.டி. ‘ஹ்ருத்யந்திரா’ என்ற பெயரில் விலை குறைந்த இந்தியப் பம்புக்கு முயல்கிறது. வலியத்தானின் குழு மூன்று முறை தோற்று நான்காவதில் ஜெயித்ததுபோல இதுவும் ஜெயிக்க வேண்டும் என்று நான் மனதார ஆசைப்படுகிறேன். அதைச் செய்பவர்கள் ஒன்றைத் தொடக்கத்திலேயே மனதில் வைக்க வேண்டும். வைத்த பிறகு அந்த உடம்பை மற்றவர்கள் படம் எடுக்க வேண்டியிருக்கும். குழாயில் எக்ஸ்ரேயில் தெரியும் ஒரு கோடு, பம்பின் மேல் எக்ஸ்ரேயிலேயே படிக்கக்கூடிய பெயர்க்குறி, சிதறலைக் குறைக்கும் உலோகத் தேர்வு, இவை பெரிய செலவில்லாதவை. சித்ராவின் கண்ணுக்குத் தெரியாத தட்டு இந்த விஷயத்தில் நமக்கு நல்ல பாடம்.

அதற்கு முன் இன்றைக்கே செய்யக்கூடியது அட்டை. ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் கம்பெனிப் பெயரும் வரிசை எண்ணும் மட்டும் இருக்கும் அட்டை போதாது. பின்பக்கம் பெரிய தமிழ் எழுத்தில் நான்கு வரி வேண்டும். வைத்திருப்பது வால்வா, பம்பா, பேஸ்மேக்கரா. எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா, கூடாதா. சி.டி. எடுக்கலாம். வைத்த ஆஸ்பத்திரியின் போன் நம்பர். டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே நர்ஸ் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து, நோயாளி வாயாலேயே அந்தப் பெயரைச் சொல்லவைத்து அனுப்பலாம்.

பெரியம்மா விஷயத்தில் நாங்கள் பிறகு அதைத்தான் செய்தோம். புதுச்சேரியில் இன்னொரு இடத்துக்குப் போகும் முன் வீட்டிலேயே பாடம் நடந்தது. “மிஷினு இல்ல பெரியம்மா, வால்வு. சித்ரா வால்வு. சொல்லுங்க.” வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். அங்கே இருந்த ரேடியாலஜிஸ்ட் அம்மா அட்டையை வாங்கிப் பார்த்து, வருஷத்தைக் கேட்டு, பேஸ்மேக்கர் இல்லையே என்று உறுதி செய்துகொண்டு, ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயும் பார்த்துவிட்டு உள்ளே அனுப்பினார். இருபத்தைந்து நிமிஷம். முதுகெலும்பின் கடைசி இரண்டு கட்டைகளுக்கு நடுவே தட்டு பிதுங்கியிருப்பது தெரிந்தது. மாத்திரையும் பிசியோதெரபியும் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மஞ்சப்பைக்குள் வைக்கும்போது அந்த எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கச் சொன்னார். இதயத்தின் நிழலுக்குள் மோதிரம்போல ஒரு வளையம். கறுத்த விரலால் அதைத் தொட்டுப் பார்த்தார். ராத்திரி ஊர் அடங்கியதும் நெஞ்சுக்குள் ‘டிக், டிக்’ என்று தனக்கு மட்டும் கேட்கும் அது இதுதானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். “இதுக்குள்ள கதவு எங்கடா?” என்றார். கதவு படத்தில் தெரியாது பெரியம்மா, ஆனால் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது என்றேன்.